கோப்பில் 644, வாசலில் 700: உள்ளூர் மிரரில் வந்த அனுமதிச் சிக்கல்

பின்னணி

இணையத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத ஓர் உள் நெட்வொர்க். அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் எண்பது சொச்சம் கணினிகள். அவை எல்லாவற்றுக்கும் பேக்கேஜ், அதாவது நிறுவ வேண்டிய மென்பொருள் கோப்புகள், கொடுக்க ஒரே ஒரு சர்வர். அதுதான் எங்கள் உள்ளூர் மிரர். வெளியுலகத் தொடர்பு அதற்கு மட்டும்தான். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் க்ரான், தினமும் இரவு 1 மணிக்கு ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும். ஸ்கிரிப்ட், கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கருவி மூலம், டெபியன் கோப்புகளின் நகல் உள்ள ஒரு பொது மிரரிலிருந்து (இனி மேல்மிரர்) மாற்றங்களை இழுத்து, அன்றைய தேதியிட்ட ஃபோல்டரில் வைக்கும். முடிந்ததும், வேறோர் இடத்தைச் சுட்ட மட்டும் செய்யும் ‘இன்று’ என்ற சிம்லிங்க்கைப் புது ஃபோல்டருக்குத் திருப்பும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் அந்த லிங்க்கின் வழியாகத்தான் கோப்புகளைப் பரிமாறும்.

கடைசி 14 நாள் பிரதிகளை வைத்திருந்தோம். ஒரு பிரதி ஏறத்தாழ 600 ஜிபி. 14 பிரதிகள் 1 டிபி வட்டில் அடங்கக் காரணம், ஆர்சிங்க்கின் லிங்க்-டெஸ்ட் வசதி. நேற்றைய பிரதியில் உள்ள கோப்பு இன்றும் மாறாமல் இருந்தால், அது மறுபடி நகலெடுக்காது. அதே ஐநோடுக்கு (வட்டில் ஒரு கோப்பின் விவரங்கள் பதிவாகும் இடம்) இன்னொரு ஹார்ட் லிங்க், அதாவது இன்னொரு பெயர், போட்டுவிடும். ஆக 14 ஃபோல்டர்களில் 14 பெயர்கள் இருந்தாலும் வட்டில் இருப்பது ஒரே கோப்பு. அனுமதி எண்ணும் (உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று இலக்கம்; ஒவ்வொன்றும் படிக்க 4, எழுத 2, எக்ஸ் அனுமதிக்கு 1 என்பவற்றின் கூட்டல்) ஐநோடில்தான் பதிவாகிறது என்பதால், அதுவும் 14 பெயர்களுக்கும் பொது. இந்த நிகழ்வில் பாதிச் சேதம் இதனால்தான் வந்தது.

ஒவ்வொரு தேதி ஃபோல்டருக்குள்ளும் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று டெபியன், மற்றொன்று எங்கள் டெவலப்பர்கள் தயாரிக்கும் பேக்கேஜ்கள். பெரும்பாலான கணினிகள் எச்டிடிபி வழியாக வரும். பேக்கேஜ் கட்டும் இரண்டு பில்டு கணினிகள் மட்டும் மிரரின் ஃபோல்டர் மரத்தை என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு மூலம் மவுன்ட் செய்து (தம் வட்டுபோல் இணைத்து), நேரடியாகக் கோப்பாகவே படிக்கும்.

வெள்ளிக்கிழமை செய்த மாற்றம்

பழைய ஸ்கிரிப்டில் ஒரு குறை இருந்தது. தேதி ஃபோல்டரை முதலிலேயே உருவாக்கி அதற்குள் இழுக்க ஆரம்பிக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால், பாதி நிரம்பிய ஃபோல்டர் முழுப் பிரதி போன்ற பெயரோடு நிற்கும். ஒருமுறை பழைய பிரதிக்குத் திரும்ப வேண்டி வந்தபோது அப்படி ஒரு பாதிப் பிரதியைத் தேர்ந்தெடுத்துச் சிரமப்பட்டோம்.

இதைச் சரிசெய்ய, குழுவில் சேர்ந்து ஓராண்டு ஆன இளைஞர் ஒருவர் ஸ்கிரிப்டை மாற்றினார். எம்கேடெம்ப் கட்டளையால் அதே வட்டில் ஒரு தற்காலிக ஃபோல்டரை உருவாக்குவது, அதற்குள் இழுப்பது, எல்லாம் முடிந்த பிறகு தேதிப் பெயருக்கு மாற்றுவது. நல்ல யோசனை, இன்றும் அப்படித்தான் செய்கிறோம். மாற்றத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவன் நான். தற்காலிக ஃபோல்டரும் இறுதி இடமும் ஒரே பார்ட்டிஷனில் இருக்கின்றனவா, பெயர் மாற்றம் ஒரே அடியில் முடியுமா என்று பார்த்தேன். ஃபோல்டர் எந்த அனுமதியோடு பிறக்கிறது என்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை: 403

சனி, ஞாயிறு யாரும் வேலையில் இல்லை. திங்கள் காலை 9 மணிக்கு மேல் வரிசையாகப் புகார்கள். பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கட்டளையை ஓட்டினால் 403, அனுமதி மறுப்பு. எல்லாக் கணினியிலும் அதே. நான் அன்று விடுப்பில் இருந்தேன். அந்த இளைஞரே கையில் எடுத்தார்.

அவர் பார்த்தவை, பார்த்த வரிசையில்: என்ஜின்எக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. எரர் லாகில், பேக்கேஜ் பட்டியல்களுக்குச் சான்று தரும் இன்ரிலீஸ் கோப்பைத் திறக்க முடியவில்லை, ‘13: பெர்மிஷன் டினைட்’ என்று இருந்தது. கோப்பைப் போய்ப் பார்த்தார்: 644, யாரும் படிக்கலாம். கேட் கட்டளையால் திறந்தார், திறந்தது. அது இருக்கும் ஃபோல்டர் 755. அதற்கு மேலே உள்ள டெபியன் ஃபோல்டரும் 755. என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்தார், மாற்றமில்லை. நிரல்களைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கான ஆப்ஆர்மர் தடுக்கிறதோ என்று பார்த்தார். என்ஜின்எக்ஸுக்கு அதில் ப்ரொஃபைலே இல்லை.

இதற்கிடையில் பில்டு கணினிகளிலிருந்தும் ஒரு புகார் வந்தது. மவுன்ட் செய்த இடத்தில் ‘இன்று’க்குள் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) எல்எஸ் அடித்துப் பட்டியல் கேட்டாலே அனுமதி இல்லை என்று வருகிறது. ‘என்எஃப்எஸ் பிரச்சினை, அப்புறம் பார்க்கலாம்’ என்று அது தனி டிக்கெட்டாகப் போடப்பட்டது.

அன்றைய குறிப்புகளிலேயே கனமானது அந்தப் புகார்தான் என்று பின்னால் புரிந்தது. என்எஃப்எஸ் வழியில் வெப் சர்வருக்கு வேலையே இல்லை. அப்படியிருந்தும் அங்கேயும் அதே மறுப்பு என்றால், குற்றம் என்ஜின்எக்ஸில் இல்லை. இரண்டு வழிக்கும் பொதுவான இடத்தில், அதாவது வட்டில் இருக்கும் அனுமதியில் இருக்கிறது. அங்கே ரூட்டுக்கே கதவு திறக்காததற்கும் காரணம் உண்டு. என்எஃப்எஸ் ஏற்றுமதியில் ரூட் ஸ்குவாஷ் இயல்பாகவே இயங்கும். கிளையன்ட்டில் ரூட்டாக இருப்பவர் சர்வரில் யாரோ ஒரு பெயரில்லாப் பயனராகத்தான் தெரிவார். எனவே அந்தப் பில்டு கணினிகள் தங்களையறியாமல் ‘மற்றவர்’ என்ற பார்வையிலிருந்து மிரரைச் சோதித்துக்கொண்டிருந்தன. சர்வரில் உட்கார்ந்திருந்தவரோ உண்மையான ரூட். ரூட்டுக்கு அனுமதி எண்கள் தடையே இல்லை. கேட் திறந்ததில் வியப்பில்லை, அதற்குப் பொருளும் இல்லை.

காலை 11 மணி வாக்கில் அன்றைய தேதி ஃபோல்டர் மீது, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் யாருக்கும் முழுதாகத் திறந்துவிடும் சிஎச்மாட் -ஆர் 777 ஓடியது. 403 நின்றது. பில்டு கணினிகளும் எழுந்தன. இரண்டு டிக்கெட்டும் மூடப்பட்டன. எண்பது பேர் வேலை நிற்கும்போது அந்தக் கட்டளையை அடிக்கும் மனநிலை எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நானும் ஒருகாலத்தில் இருந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை: வட்டு நிரம்பியது

காலை அந்த இளைஞரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. “அண்ணா, நேத்து 403 வந்துச்சு, பெர்மிஷன் மாத்தினேன், சரியாயிடுச்சு. இன்னிக்கு டிஸ்க் ஃபுல்லுன்னு வருது. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைக்கிறேன்.”

இரவு ஓட்டத்தில் ஆர்சிங்க் ‘இடம் இல்லை’ என்று பிழை 28 காட்டி நின்றிருந்தது. ஸ்கிரிப்ட் அதைக் கவனித்து லிங்க்கைத் திருப்பாமல் விட்டது. அதனால் கணினிகள் திங்கள் பிரதியையே படித்துக்கொண்டிருந்தன, அங்கே தொந்தரவில்லை. ஆனால் டெவலப்பர்கள் தங்கள் பேக்கேஜ்களை ஏற்றும் இடமும் அதே வட்டில்தான். அங்கே ஒரு பைட்கூட எழுத முடியவில்லை.

வழக்கமாக ஓர் இரவில் சில ஜிபிதான் கூடும். 250 ஜிபிக்கு மேல் காலியாக இருந்த வட்டு ஒரே ராத்திரியில் நிரம்பியது என்றால், லிங்க்-டெஸ்ட் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். அது எப்போது வேலை செய்யாது? ஆர்சிங்க் -ஏ என்று ஓட்டும்போது உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. காத்துவைக்கும் பண்புகள் (அனுமதி, நேரம் போன்றவை) எல்லாமே ஒத்துப்போனால்தான் ஹார்ட் லிங்க் போடும். மேலேயிருந்து வருவது 644. நேற்றைய பிரதியில் இருப்பது 777. பொருந்தவில்லை. ஆகவே ஒவ்வொரு கோப்பையும் தனி நகலாக எழுத ஆரம்பித்தது.

அதைவிட மோசம், எந்தப் பழைய பிரதியைக் காட்டியிருந்தாலும் இதே கதைதான். பேக்கேஜ்கள் இருக்கும் பூல் ஃபோல்டரிலிருந்து ஒன்றை எடுத்து, கோப்பின் விவரம் காட்டும் ஸ்டாட் கட்டளையால் பார்த்தேன்: அனுமதி 777, லிங்க் எண்ணிக்கை 14. திங்கள் ஃபோல்டரில் மட்டும் மாற்றியதாக நினைத்தது, ஐநோடு பொது என்பதால் பதினான்கு நாளுக்கும் பரவியிருந்தது.

மூல காரணம் தெரிந்த விதம்

நான் முதலில் எதையும் மாற்றவில்லை. க்ரானை மட்டும் நிறுத்தினேன். 777 வந்தபின் திங்கள் ஃபோல்டரில் பழைய நிலை என்னவென்று தெரிந்துகொள்ள வழியில்லை, தடயம் அழிந்துவிட்டது. ஆனால் ஃபோல்டர்களுக்கு ஹார்ட் லிங்க் கிடையாது. ஒவ்வொரு தேதிக்கும் தனி ஃபோல்டர். எனவே சனி, ஞாயிறு ஃபோல்டர்களில் யாரும் கை வைக்காத நிலை அப்படியே இருக்க வேண்டும்.

14 தேதி ஃபோல்டர்களின் அனுமதியை வரிசையாக அச்சிட்டேன். முதல் 11 வரிகளில் 755. அடுத்து 700. அடுத்து 700. கடைசியில் 777. வெள்ளிக்கிழமை மாலை ஸ்கிரிப்ட் மாறியது. அந்த இரவு ஓட்டத்தில் பிறந்த சனிக்கிழமை ஃபோல்டரிலிருந்துதான் 700 தொடங்குகிறது.

பிறகு நேம்ஐ -எல் கட்டளையை ஞாயிறு பிரதியில் ஒரு பேக்கேஜின் முழுப் பாதைக்குக் கொடுத்தேன். ஆணிவேரிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் அனுமதியையும் உரிமையாளரையும் அது ஒரு வரியாகக் காட்டும். அந்தத் திரையை இருவரும் சேர்ந்து பார்த்தோம்:

மூல ஃபோல்டர்: 755, ரூட்
மிரர் வட்டின் தலை: 755, ரூட்
ஞாயிறு தேதி ஃபோல்டர்: 700, மிரர் பயனர்
டெபியன்: 755, மிரர் பயனர்
பூல், அதன் உட்படிகள்: 755, மிரர் பயனர்
பேக்கேஜ் கோப்பு: 644, மிரர் பயனர்

திங்கட்கிழமை அவர் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்து, சிக்கல் இருந்த படிக்கு ஒரு படி கீழே நின்றுவிட்டார். ஃபோல்டரில் எக்ஸ் அனுமதி என்பது ஓட்டுவதற்கு அல்ல, கடந்து போவதற்கு. பாதையில் ஒரு ஃபோல்டரில் அது இல்லையென்றால், அதற்குக் கீழே எல்லாம் திறந்து கிடந்தாலும் போய்ச் சேர முடியாது.

700 எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெளிவு. எம்கேடெம்ப் ஃபோல்டரை உரிமையாளருக்கு மட்டும் என்றுதான் உருவாக்கும். பலரும் புழங்கும் இடத்தில் தற்காலிகக் கோப்புகளைப் பிறர் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டது. புதுக் கோப்புகளின் அனுமதியில் எதைக் கழிப்பது என்று சொல்லும் யூமாஸ்க் 022 ஆக இருந்தாலும் அது 755 ஆகாது. ஆர்சிங்க் தான் எழுதும் ஃபோல்டரின் அனுமதியை மேல்மிரர்போல் மாற்றிவிடும். ஆனால் நாங்கள் இழுத்தது தற்காலிக ஃபோல்டருக்குள் இருக்கும் டெபியன் கிளைக்கு. அதற்கு மேலே உள்ளதை ஆர்சிங்க் தொடவே இல்லை. பெயர் மாற்றும்போதும் அனுமதி கூடவே போகும். அப்படியே 700 தேதிப் பெயரை அணிந்துகொண்டது.

உறுதி செய்ய ஒரே ஒரு சோதனை. ரூட்டாக அல்லாமல், வெப் சர்வரின் பயனராக சூடோ (வேறு பயனராக ஓட்டும் கட்டளை) செய்து ஞாயிறு பிரதியின் இன்ரிலீஸைப் படித்துப் பார்த்தோம். மறுப்பு. தேதி ஃபோல்டரை மட்டும் 755 ஆக்கி மறுபடி முயன்றோம். படித்தது. திங்கட்கிழமை தேவைப்பட்டது இந்த ஒரு ஃபோல்டர் மாற்றம் மட்டுமே.

(ரெட் ஹேட் குடும்பத்து சர்வராக இருந்தால் கோப்புகளுக்கு லேபிள் ஒட்டித் தனியாக அனுமதி பார்க்கும் எஸ்ஈலினக்ஸையும் இதே நேரத்தில் பார்த்திருப்பேன். வேறிடத்தில் உருவாக்கி எம்வி கட்டளையால் நகர்த்திய கோப்பு தன் பழைய லேபிளோடு வரும்; எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் அதே 13 வரும். எல்எஸ் -இசட் காட்டிவிடும், ரெஸ்டோர்கான் சரிசெய்துவிடும்.)

எடுத்த முடிவுகள்

முதலில் இடம். இரவு ஓட்டம் பாதியில் விட்ட தற்காலிக ஃபோல்டரை அழித்தோம். ஹார்ட் லிங்க் உள்ள இடத்தில் அழிக்கலாமா என்று இளைஞர் தயங்கினார், நியாயமான தயக்கம். ஒரு பெயரை நீக்கினால் லிங்க் எண்ணிக்கை ஒன்று குறையும், அவ்வளவுதான். கடைசிப் பெயர் போகும்வரை கோப்பு இருக்கும்.

அடுத்து 777ஐ இறக்குவது. சிஎச்மாடில் பெரிய எக்ஸ் போட்டால் ஃபோல்டருக்கு மட்டும் எக்ஸ் தரும் என்று நம்பி நிறையப் பேர் அதைப் பயன்படுத்துவார்கள். இங்கே அது உதவாது. ஏற்கெனவே எக்ஸ் இருக்கும் கோப்புக்கும் பெரிய எக்ஸ் அதைத் தக்கவைக்கும். 777க்குப் பிறகு எல்லாக் கோப்பிலும் எக்ஸ் இருக்கிறதே. அதனால் ஃபைண்ட் கொண்டு ஃபோல்டர்களைத் தனியாக 755, சாதாரணக் கோப்புகளைத் தனியாக 644 ஆக்கினோம். திங்கள் பிரதியில் செய்தால் போதும். ஐநோடு பொது என்பதால் கோப்புகள் மற்ற 13 நாளிலும் தாமாகவே திருந்தின. பரவிய வழியிலேயே மருந்தும் பரவியது. சனி, ஞாயிறு தலைகளைக் கையால் 755 ஆக்கினோம்.

மூன்றாவது, ஒரு நாள் முழுக்க யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய நிலையில் பேக்கேஜ்கள் கிடந்தன. அந்த சர்வரில் கணக்கு உள்ளவர்கள் சிலரே, சந்தேகப்பட ஆளும் இல்லை. இருந்தாலும் சரிபார்க்காமல் விட மனம் வரவில்லை. கணினிகளுக்கு நேரடி ஆபத்து குறைவு: இன்ரிலீஸில் கையொப்பம் உண்டு, அதில் பேக்கேஜஸ் பட்டியலின் ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்), அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜின் எஸ்எச்ஏ256 ஹாஷ். கோப்பு மாறியிருந்தால் ஆப்ட் நிறுவாது. ஆனால் மிரருக்குள் கெட்ட கோப்பு ஒன்று நுழைந்திருந்தால் ஆர்சிங்க் அதைக் கண்டுபிடிக்கும் என்று உறுதியில்லை. இயல்பாக அது அளவையும் நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும்.

ஆர்சிங்க்கை ஒருமுறை, உள்ளடக்கத்தையே ஒப்பிடும் செக்சம் விருப்பத்தோடு ஓட்டலாம் என்பது இளைஞரின் யோசனை. வேண்டாம் என்றேன். அப்படி ஓட்டினால் நம் 600 ஜிபியோடு மேல்மிரரும் தன் பக்கத்தில் அத்தனையையும் படிக்க வேண்டும். இலவசமாகத் தரும் சர்வர் மீது நம் தவறின் சுமையை ஏற்றுவது முறையல்ல. கையொப்பத்தைச் சரிபார்த்து, பட்டியலில் உள்ள ஹாஷ்களோடு நம் கோப்புகளை இங்கேயே ஒப்பிட்டோம். மாலை வரை ஓடியது. எல்லாம் பொருந்தின. டெவலப்பர் பேக்கேஜ்களையும் அந்தக் கிளையின் பட்டியலோடு அப்படியே சரிபார்த்தோம்.

கடைசியாக ஸ்கிரிப்ட். தொடக்கத்தில் யூமாஸ்க் 022 என்று வெளிப்படையாக எழுதினோம். எம்கேடெம்ப்புக்கு அடுத்த வரியில் சிஎச்மாட் 755. ஆர்சிங்க்குக்கு, ஃபோல்டர் 755, கோப்பு 644 என்று கட்டாயப்படுத்தும் சிஎச்மாட் விருப்பம். மேலே ஏதாவது கோணலாக இருந்தாலும் இங்கே நேராக வரும், தினமும் ஒரே எண் வருவதால் லிங்க்-டெஸ்டும் குழம்பாது.

இவற்றைவிட நான் முக்கியமாக நினைப்பது, லிங்க்கைத் திருப்பும் முன் வைத்த சோதனை. வெப் சர்வரின் பயனராக நின்று ஃபைண்ட் புதுப் பிரதி முழுவதையும் நடந்து பார்க்கும்; படிக்க முடியாத ஒரு கோப்பு இருந்தாலும், நுழைய முடியாத ஒரு ஃபோல்டர் இருந்தாலும் அதன் பெயரை எழுதிவிட்டு ஸ்கிரிப்ட் நிற்கும். அதன்பின் ஒரு சோதனை முகவரி வழியாக இன்ரிலீஸையும் ஒரு பேக்கேஜையும் கர்ல் இழுக்கும். இரண்டும் 200 (வெற்றி) தந்தால்தான் ‘இன்று’ திரும்பும். இதற்காக மிரர் பயனருக்கு சூடோவில் அந்த ஒரு கட்டளையை மட்டும் அனுமதித்தோம்.

அதன்பின் நடந்தது

செவ்வாய் இரவு ஓட்டம் சீராக முடிந்தது. புதன் காலை முதலில் பார்த்தது லிங்க் எண்ணிக்கையைத்தான். மாறாத கோப்புகள் எல்லாம் ஹார்ட் லிங்க்காக வந்திருந்தன. வட்டில் கூடியது 3 ஜிபி.

ஆறு வாரம் கழித்து அந்தச் சோதனை ஒருநாள் ஸ்கிரிப்டை நிறுத்தியது. டெவலப்பர் ஒருவரின் யூமாஸ்க் 027. அவர் ஏற்றிய பேக்கேஜ் 640 அனுமதியோடு வந்திருந்தது. எங்கள் கிளை ஆர்சிங்க்கால் அல்ல, அனுமதியையும் சேர்த்து நகலெடுக்கும் சிபி -ஏ மூலம் நகலாவதால் அந்த எண் அப்படியே வந்துவிட்டது. காலை மின்னஞ்சலில் அந்த ஒரு கோப்பின் பெயர் இருந்தது. கணினிகள் முந்தைய நாள் பிரதியிலேயே ஓடிக்கொண்டிருந்தன. யாரும் புகார் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் சரிசெய்தோம். அந்தக் கிளைக்கும் அனுமதியைக் கட்டாயப்படுத்தும் வரியைச் சேர்த்தோம்.

மாற்றிக்கொண்டவையும் மீதம் உள்ளவையும்

403 வந்தால் செய்ய வேண்டியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். எழுதியது அந்த இளைஞரே. முதல் வரி: கோப்பைப் பார்க்காதே, முழுப் பாதையையும் நேம்ஐ கொண்டு பார். இரண்டாம் வரி: ரூட்டாகச் சோதிக்காதே, படிக்கப்போகும் பயனராகச் சோதி. மூன்றாம் வரி: -ஆர் போட்டு எதையும் மாற்றும் முன் பழைய அனுமதிகளைக் கோப்பில் எடுத்து வை. கெட்ஃபேக்ல் அதைச் செய்யும், செட்ஃபேக்ல் திரும்பப் போடும்.

ஒரே நேரத்தில் வரும் இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் முன், இரண்டுக்கும் பொதுவான இடம் எது என்று ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஸ்கிரிப்ட் மாற்றங்களை இனி க்ரான் பயனராக ஓட்டி, வேறொரு கணினியிலிருந்து ஆப்ட் அப்டேட் செய்து பார்த்த பிறகே ஒப்புதல். வெள்ளிக்கிழமை மாலையில் மாற்றம் இல்லை.

டெவலப்பர் ஏற்றும் இடத்தை வேறு வட்டுக்கு மாற்றிவிட்டோம். ஆனால் ஹார்ட் லிங்க்குகளின் அடிப்படை ஆபத்து அப்படியே இருக்கிறது: ஒரு பிரதியில் தவறான சிஎச்மாட் விழுந்தால் இன்றைக்கும் அது பதினான்கு பிரதியிலும் விழும். பிரதிகளைப் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் ஸ்னாப்ஷாட்டுகளாக, படிக்க மட்டும் என்று வைத்தால் இது தீரும். அதற்கான வட்டு வந்திருக்கிறது. சோதனையை இன்னும் ஆரம்பிக்கவில்லை.